நோய் வந்தவர்களுக்கு மட்டும் திறந்த தீவு

ஜுசிலெய்டிக்கு ஊரில் யார் மேலும் பொறாமை கிடையாது. பணக்காரிகள் மேல் கிடையாது, கடை வைத்திருக்கும் என் மேல் கிடையாது, தொலைக்காட்சியில் வரும் நடிகைகள் மேல்கூடக் கிடையாது. இருந்த மொத்தப் பொறாமையையும் சிந்தாமல் சேர்த்து வைத்து ஒரே ஆள் மேல் கொட்டினாள். அந்த ஆள் அவள் தலைக்கு மேலேயே குடியிருந்தாள். ஓரகத்தி இவொனெட்டி.

பிரேசிலின் ரெசிஃபெ நகரில், காசா அமரெலா மேட்டில், என் கடைக்கு நேர் எதிரே அவர்கள் வீடு. அப்பா கொடுத்த மனையில் அண்ணனும் தம்பியும் கட்டியது. கீழே அண்ணன் ஜெனிவால்டோவும் ஜுசிலெய்டியும். மேலே தம்பி ஜொஸுவெலும் இவொனெட்டியும். மழை பெய்தால் தண்ணீர் கீழ்வீட்டுக்கு வரும், வெயிலடித்தால் காற்று மேல்வீட்டுக்குப் போகும். மூத்தவள் கீழே, இளையவள் மேலே என்று ஆனதிலிருந்தே வினை தொடங்கிவிட்டது. இவொனெட்டி ஆடினால் கீழே சுண்ணாம்பு உதிரும். அவள் நன்றாகவே ஆடுவாள், அது வேறு எரிச்சல்.

ஜுசிலெய்டி வீட்டு முன்னறையில் பெண்களுக்கு நகம் திருத்திச் சாயம் பூசுகிறவள். கடற்கரைப் பக்கத்துச் சீமாட்டிகள்கூட அவளைத் தேடி மேடேறி வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் அவர்கள் பேசுவது ஒரே தீவைப் பற்றித்தான், நொரோன்யா. அங்கே தண்ணீர் கண்ணாடியாக இருக்குமாம், ஆமையோடு சேர்ந்து நீந்தலாமாம். எங்கள் மாநிலத்துத் தீவுதான், விமானம் எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகிறது, ஆனால் எங்கள் மேட்டிலிருந்து போனவர்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். "இத்தனை வருஷமா அந்தத் தீவுக்குப் போன கையெல்லாம் புடிச்சுட்டேன், லூர்டிஸ். என் கால் மட்டும் போகல" என்பாள். திருமணமாகி இருபத்தைந்து வருடம் நிறைகிறது என்று அவளும் ஜெனிவால்டோவும் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஏப்ரல் மாதத்துக்கு டிக்கெட்டும் அறையும் போட்டார்கள். மார்ச்சில் கொரோனா வந்து தீவை மூடிவிட்டார்கள். பயண ஏஜென்சிக்காரர்கள், பணம் எங்கேயும் போகாது, தீவு திறந்ததும் போகலாம் என்றார்கள்.

அதன் பிறகு அவள் தன்னைக் காத்துக்கொண்ட விதம் இருக்கிறதே! அவளுக்கு ப்ளீச் விற்றவள் நான்தான், அதனால் அடித்துச் சொல்வேன். எங்கள் மேட்டில் பாதி ப்ளீச்சை அவள் ஒருத்தியே வாங்கினாள். வாழைப்பழத்தைக் கழுவினாள், செருப்பைக் கழுவினாள், நான் கொடுத்த சில்லறையைக் கழுவினாள். நகத் தொழிலை நிறுத்தினாள். வீட்டுக்குள் போனால் கண் எரியும். ஜெனிவால்டோவுக்குச் சர்க்கரை வியாதி, அதனால் அந்தப் பயத்தை யாரும் குறை சொல்லவும் முடியாது.

ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. மாமனார் அமாரோ படிக்கட்டுத் தெருவின் அடியில் தனியாக இருந்தார். தினமும் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு இறங்கிப் போவாள். "ஆசி குடுங்க மாமா" என்று அவர் கையைப் பிடித்து முத்தம் வைப்பாள். "கடவுள் உன்னைக் காப்பாத்தட்டும், மகளே" என்பார். நான் ஒருமுறை கேட்டேன்.

"மாஸ்கைக் கீழ எறக்கிட்டு முத்தம் குடுக்கறியே, பரவாயில்லையா?"

"ஆசியில எங்கடி கிருமி வரும்? நான்தான் ப்ளீச்சுல முங்கி எழுந்து போறேனே."

இவொனெட்டிக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. படியில் நின்றபடியே, "மாமா, உசுரோட இருக்கீங்களா?" என்று கத்துவாள். அவர் உள்ளேயிருந்து சிரிப்பார். அவ்வளவுதான். பெரியவரிடம் ஆசி வாங்காத மருமகள் என்று அதையும் ஜுசிலெய்டி இவொனெட்டியின் கணக்கில் எழுதி வைத்திருந்தாள்.

மே மாதத் தொடக்கத்தில் ஜெனிவால்டோ என் கடைக்கு வந்து குளிர்ந்த தண்ணீர் கேட்டான்.

"என்னண்ணே, ஓடி வந்தீங்களா?"

"கடல்லேர்ந்து வர்றேன். உன் சிநேகிதி குழம்புல கடல் தண்ணியக் கொட்டிட்டா."

அவரைக்கொட்டைக் குழம்பு அந்த வாரம் முழுக்க உப்புக் கரித்தது. மேல்வீடு, கீழ்வீடு, மாமனார் எல்லோரும் கேலி செய்தார்கள். ஜுசிலெய்டி சண்டைக்கு வந்தது என்னிடம்தான். "நீ விக்கிற உப்புல சாரமே இல்ல. எவ்வளவு போட்டாலும் நாக்குல ஏற மாட்டேங்குது" என்றாள். மூக்கும் மந்தமாக இருக்கிறது, ப்ளீச் பொசுக்கிவிட்டது என்றாள். பொசுக்கியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். வேறு எப்படி நினைக்க? அவ்வளவு ப்ளீச்சை நானே அளந்து கொடுத்திருக்கிறேனே.

அதே வாரம் இவொனெட்டி தன் தம்பி பிறந்தநாளுக்குப் போய், இறைச்சி சுட்டுத் தின்று, கட்டிப்பிடித்து ஆடிவிட்டு இருமலோடு திரும்பினாள். சுகாதார நிலையத்து டாக்டர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "அதுதான், போய்ப் படு" என்றார். மூச்சுத் திணறுகிறவர்களுக்குத்தான் அப்போது டெஸ்ட், இருமுகிறவர்களுக்கு இல்லை. அவள் படுத்தாள், எழுந்தாள். பிறகு பெரியவர் அமாரோ படுத்தார், எழவில்லை. மருத்துவமனையிலிருந்து மூடிய பெட்டியில் வந்தார். இரவு முழுக்க உட்கார்ந்து அழ விடவில்லை, கடைசியாகக் கையைத் தொடவும் விடவில்லை. ஜுசிலெய்டிக்கு அதுதான் தாங்கவில்லை. என் கடை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அவ இருமினா, மாமா போயிட்டாரு."

யாரும் மறுக்கவில்லை. இருமலை எல்லோரும் கேட்டிருந்தோம். ஜொஸுவெல்கூட மனைவிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. மேல்வீட்டில் பாட்டு நின்றது. வெகுநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாக ஒரு பாட்டுக் கேட்டது. "கொன்னுட்டு ஆடறா பாரு" என்றாள் ஜுசிலெய்டி.

செப்டம்பரில் தீவைத் திறந்தார்கள். எப்படித் திறந்தார்கள் என்றால், ஏற்கெனவே கொரோனா வந்து குணமானவர்கள் மட்டும் அதற்கான ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு வரலாம். நோய் வந்தவர்களால் புதிதாக நோய் பரவாதாம். பயண ஏஜென்சிப் பெண் இனிமையான குரலில் செய்தி அனுப்பியிருந்தாள். ஜுசிலெய்டி அதை என் கடையில் நின்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"ஒழுங்கா இருந்தவளுக்குக் கதவைச் சாத்தறாங்க. ஊர் சுத்துனவளுக்கு வாங்க வாங்கங்கறாங்க. இதென்னடி நியாயம்?"

"உனக்கு நோய் வரலைன்னு அழுவறியா? சந்தோஷப்படு."

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?"

அப்போது பார்த்து இவொனெட்டி முட்டை வாங்க வந்தாள். செய்தியை அவளும் கேட்டுவிட்டாள். முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே முகம் மலர்ந்தது.

"அக்கா! எனக்குத்தான் வந்துச்சே! அவருக்கும் அப்ப உடம்பு முடியல. அந்த டிக்கெட்டை எங்க பேருக்கு மாத்திக் குடுங்களேன். உங்க காசைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்திடறோம். நீங்க அப்புறமா, நிம்மதியாப் போகலாம்."

ஜுசிலெய்டி விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். ஆனால் ஜெனிவால்டோ இருக்கிறானே, யார் கேட்டாலும் சட்டையைக் கழற்றிக் கொடுக்கிற ஆள். "நம்மால போக முடியாது, தம்பியாவது போகட்டுமே" என்றுவிட்டான். மறுநாள் இவொனெட்டி அகலமான ஓலைத் தொப்பி ஒன்று வாங்கி வந்தாள். அதை வைத்துக்கொண்டே படியேறினாள். யாரிடமோ சக்கரம் வைத்த பெட்டி இரவல் வாங்கி, வீட்டுக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உருட்டிப் பார்த்தாள். கீழே ஜுசிலெய்டி கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சக்கரம் தன் நெஞ்சு மேல் ஓடுவதாக என்னிடம் சொன்னாள்.

அதற்கடுத்து அவள் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்த சந்தில் ஒரு வீட்டில் எல்லோருக்கும் கொரோனா என்று தெரிந்ததும், சூப் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் வைத்துவிட்டு வரவில்லை. உள்ளே போய், மாஸ்கைக் கழற்றி, இருமுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் கோப்பையிலேயே காப்பி குடித்துவிட்டு வந்தாள். சனிக்கிழமைச் சந்தையில் மாஸ்கைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தாள். வாழைப்பழத்தைக் கழுவிய பெண்!

கடைக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"உனக்குப் பைத்தியமாடி? வேணும்னே நோயை வாங்கப் போறியா?"

"அவளுக்கு வந்து என்ன ஆச்சு? ஒரு வாரம் படுத்தா. இப்ப தொப்பி வாங்கறா."

"எல்லாருக்கும் அப்படியே ஆகும்னு எழுதி வச்சிருக்கா? உன் புருஷனுக்குச் சர்க்கரை. அவரை நெனச்சியா?"

"அவரை சோபாவுல படுக்கச் சொல்லிட்டேன். கொறட்டைன்னு சொல்லி."

"ஆமா, கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவுல கிருமிகிட்ட பாஸ்போர்ட் கேப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. "லூர்டிஸ், அவளுக்குக் காத்து கெடச்சுது, நான் பொறுத்துக்கிட்டேன். ஆடத் தெரிஞ்ச புருஷன் கெடச்சான், பொறுத்துக்கிட்டேன். மாமாவை அனுப்பி வச்சா, அதுக்கும் அவளுக்குப் பரிசாத் தீவா? அது என்னோட தீவு" என்றாள். கண் நிறைந்திருந்தது.

ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. ஆனாலும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுவது என்று ஒருநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு கீழே பெரிய மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே நாற்காலியில் தொப்பியோடு இவொனெட்டி உட்கார்ந்திருந்தாள். ஏஜென்சிக்காரர்கள் அவளிடமும் ரிப்போர்ட் கேட்டிருந்தார்கள். டாக்டர் வாயால் சொன்னதைக் காட்டித் தீவுக்குள் போக முடியாதே.

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள், சிறிய பட்டையில் கோடு தெரியும். இவொனெட்டி முதலில் உள்ளே போனாள். வெளியே வரும்போது தொப்பி கையில் இருந்தது.

"கோடே இல்லைங்கறா அந்தப் பொண்ணு! அப்ப வந்தது சாதாரண சளியா இருக்குமாம். இல்லேன்னா வந்து அழிஞ்சு போயிருக்குமாம். எதுவா இருந்தாலும் ரிப்போர்ட் இல்ல. இது என்ன டெஸ்ட்டு, ஏமாத்து வேலை!"

ஜுசிலெய்டியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். பாவம், அதை அவளால் மறைக்க முடியவில்லை. துள்ளிக்கொண்டு உள்ளே போனாள், நானும் கூடப் போனேன். பட்டையில் அவளுக்குக் கோடு விழுந்தது.

"உங்களுக்கு வந்திருக்கு. இது பழசு. போன வாரம் வந்ததா இருந்தா பக்கத்துல இன்னொரு கோடும் விழுந்திருக்கும். மாசக்கணக்கு ஆகியிருக்கும்" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

ஜுசிலெய்டி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். "தீவு, லூர்டிஸ், தீவு!"

அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தாள். "ஒண்ணுமே தெரியலையா உங்களுக்கு? காய்ச்சல்? வாசனை, ருசி ஏதாவது போச்சா?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும்..."

என் தோளில் இருந்த அவள் கை மெல்ல விலகியது. நானும் அவளும் ஒரே நேரத்தில் அதே குழம்பைத்தான் நினைத்தோம். உப்புக் கரித்த வாரம். அந்த வாரமும் தினமும் மதியம் படியிறங்கிப் போனாள். தினமும் அந்தக் கையை எடுத்து முத்தம் வைத்தாள்.

ரிப்போர்ட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே இவொனெட்டி எழுந்து நின்றாள்.

"உங்களுக்கு என்ன ஆச்சுக்கா?"

"எனக்கும் இல்ல" என்றாள் ஜுசிலெய்டி.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இவொனெட்டி பெருமூச்சு விட்டு, ஓரகத்தியின் தோளில் கை போட்டுக்கொண்டாள். அத்தனை வருடத்தில் அவர்கள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பாதிப் படி ஏறியதும் இவொனெட்டி நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? எனக்கு அது வரவே இல்லைன்னா... மாமாவுக்கு நான் குடுத்திருக்க மாட்டேன்ல?"

ஜுசிலெய்டி படியைப் பார்த்தாள்.

"தண்ணியைத் தொறந்து விட்டுட்டு குளிக்கிற எடத்துல அழுவேன். உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு. என் வீட்டுக்காரரு இன்னும் என் முகத்தைப் பாத்துப் பேசறதில்ல. தீவு போனாப் போகுது. இது மட்டும் நெசமா இருந்தாப் போதும்." பிறகு தானே தலையாட்டிக்கொண்டாள். "ஆனா அழிஞ்சும் போயிருக்கலாம்னாளே. நான்தானா இருக்கும். வேற யாரு?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் ஒரே படிக்கட்டில் தோளோடு தோள் ஏறிப் போனதை நான் பின்னால் நின்று பார்த்தேன்.

அடுத்த சில நாள் ஜுசிலெய்டி கடைப் பக்கம் வரவில்லை. வந்தபோது எதுவும் வாங்கவும் இல்லை.

"அந்தக் கோடு பொய்யா இருக்குமா?"

"இருக்கலாம்."

"எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுல்ல? மாமாவுக்கு ரொட்டிக்காரன் குடுத்திருக்கலாம். பக்கத்து வீட்டுல குடுத்திருக்கலாம்."

"குடுத்திருக்கலாம். உப்பு?" என்றேன். என் நாக்கு அப்படி.

"உப்பு எனக்குத் தெரியும்டி. நீ சொல்லணுமா?" என்று சீறினாள். பிறகு மேசை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்தாள். சாயம் பூசாத நகங்கள், ப்ளீச் தின்ற விரல்கள். "ரிப்போர்ட்டைக் காட்டினாத் தீவுக்குப் போகலாம். காட்டினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். கிழிச்சுப் போட்டா அவ காலம் பூரா இதைச் சொமப்பா. இப்ப அவ மேல என்ன பொறாமை தெரியுமா எனக்கு? காத்து இல்ல, தீவு இல்ல. அவ கை சுத்தமா இருக்கு, லூர்டிஸ். ஒரு தடவைகூட அவரைத் தொடல அவ. படியில நின்னு கத்துனா."

ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டு மொட்டைமாடியில் சாப்பாடு. பீர் குளிர வைக்க ஐஸ் கொண்டு போன என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஜொஸுவெல் கோழி சுட்டுக்கொண்டிருந்தான். தீவு இல்லாமல் போனதைப் பற்றி ஜெனிவால்டோ ஏதோ கேலி சொன்னான். ஜுசிலெய்டி எழுந்தாள், ரவிக்கைக்குள்ளிருந்து ரிப்போர்ட்டை எடுத்து இவொனெட்டியின் தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு வந்துச்சு. மே மாசம். குழம்பு உப்புக் கரிச்சுதே, அப்ப. நாக்குச் செத்துப்போயிருந்துச்சு, ப்ளீச்சுன்னு நெனச்சுட்டேன். அப்பவும் தினம் போய் மாமா கையைப் புடிச்சு ஆசி வாங்கினேன். இவொனெட்டி இல்ல. நான்."

ஜெனிவால்டோ நாற்காலியிலிருந்து எழப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். ஜொஸுவெல் கோழியை விட்டுவிட்டு மாடிச் சுவரோரம் போய் முதுகைக் காட்டி நின்றான். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தான். மே மாதத்துக்குப் பிறகு அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். இவொனெட்டி அவன் பக்கம் திரும்பவே இல்லை. ரிப்போர்ட்டை மெல்லப் பிரித்து, உதடு அசையப் படித்தாள். கோழி கருகும் வாசனை வந்தது.

"அப்ப..." என்றாள் கடைசியில். "தீவுக்கு நீங்க போகலாம்."

"நான் போகல. எனக்கு வேணாம். எந்த முகத்தோட போவேன்?"

இவொனெட்டி மேசையில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி டம்ளர்கள் குலுங்கின.

"வேணாமா? இந்தக் காயிதத்துக்கு நான் குடுத்தது கொஞ்சமா? உங்க பழியை நான் சொமந்தேன். தெரு பூரா என்னைக் கொலைகாரியாப் பாத்துச்சு. அதுக்கப்புறம் வேணாமா? போறீங்க. என் தொப்பியை எடுத்துட்டுப் போறீங்க. தினம் எனக்குப் படம் அனுப்பறீங்க. நான் பாத்து வயிறெரியணும்."

"இவொனெட்டி..."

"பொறாமைன்னா எனக்குப் பழக்கம்க்கா. இத்தனை வருஷம் உங்க கை மணத்துக்கு, மாமா உங்களை மகளேன்னு கூப்புட்டதுக்கு, எல்லாத்துக்கும் வயிறெரிஞ்சவ நான். உங்க மேல பொறாமைப்பட என்னால முடியும். வேற எதையாவது உங்க மேல வச்சுக்கிட்டு ஒரே கூரைக்குக் கீழ இருக்க என்னால முடியாது. அதனால போங்க. எனக்காகப் போங்க."

ஜுசிலெய்டி நின்ற இடத்திலேயே அழுதாள். தன் மேலும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

ஜெனிவால்டோவுக்குக் கோடு இல்லை, அதனால் தனியாகத்தான் போனாள். போய் இரண்டாம் நாள் இவொனெட்டி என் கடைக்கு வந்து கைபேசியை நீட்டினாள். கடலுக்குள் நிற்கும் இரட்டைப் பாறை. அதற்கு முன்னால், கண்ணாடித் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி, அகலத் தொப்பியோடு ஜுசிலெய்டி. இருபது வருட ஆசை காலைச் சுற்றி அலையடிக்க, சாவு வீட்டுக்கு வந்தவள்போல் நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தாள்.

"பாரு இவளை" என்றாள் இவொனெட்டி. "அங்கே போயும் இப்படி நிக்கறா. எனக்கு எங்கேர்ந்து வயிறெரியும்?"

கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, மேசையில் வைத்து, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினாள். எனக்கும் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க. கையை வெளிய எடுங்க."